முன்சக்கரத்தை இறக்கத் தெரிந்தவன்



உங்கள் இல்லத்தில் 16 வயதுக்கும் 25 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை ஒருவர் இருந்தால், இந்த வாரத் தியானத்தை அவரோடு அமர்ந்து வாசிக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன். நாம் எண்ணிப் பார்க்கப்போவது மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, பின்சக்கரம் ஒன்றின்மேலேயே ஓட்டிச் செல்லும் வித்தையைப் பற்றி. நம் வாலிபர்கள் இதை வீலிங் என்பார்கள். தியானப் பகுதியில் இதற்கு என்ன வேலை என்று நீங்கள் வியக்கலாம். சபையின் வாலிபர் ஒருவர் என்னிடம் மனந்திறந்து கேட்ட கேள்வியே இதை எழுதத் தூண்டியது. அவருடைய அனுமதியோடும், அவர் இன்னார் என்று சொல்லாமலும் எழுதுகிறேன்.

சாந்தோமில் குடியிருப்பவர்களுக்கு அந்த ஓசை பழகிப்போன ஒன்று. வடக்கிலிருந்து வரும் காமராஜர் சாலை கலங்கரை விளக்கம் வரை அகலமாகவும் நேராகவும் இருக்கிறது. அதைக் கடந்ததும் சாந்தோம் நெடுஞ்சாலை பள்ளிகளுக்கும் பேராலயத்துக்கும் ஊடாகக் குறுகிச் செல்கிறது. கடலோரமாகச் செல்லும் லூப் சாலையோ நொச்சிக்குப்பம் முதலான மீனவர் குடியிருப்புகளை ஒட்டிப் பட்டினப்பாக்கத்தை நோக்கிப் போகிறது. நேரான சாலையில் ஏறிய வேகம் குறுகிய சாலையிலும் சிலருக்கு இறங்குவதில்லை. டிசம்பர் 31 இரவை நினைத்துப் பாருங்கள். பந்தயம் விடுகிறவர்களைத் தடுக்கக் காவல்துறையினர் மேம்பாலங்களை மூடி, கடற்கரைச் சாலையில் இரும்புத் தடுப்புகளை நிறுத்துகிறார்கள். அதே இரவில்தான் நள்ளிரவு ஆராதனையை முடித்துக்கொண்டு நம் முதியவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி சாலையைக் கடக்கிறார்கள். புத்தாண்டு வாழ்த்தைச் சொல்லி முடிக்குமுன் எங்கோ ஒரு சைலன்சர் வெடிப்பதுபோல் முழங்கும். எல்லாரும் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த வாலிபர் இவ்வாறு கேட்டார்: “ஐயா, வீலிங் செய்வது பாவமா?”

உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “தம்பி, அது எப்படிச் செய்யப்படுகிறது என்று முதலில் எனக்கு விளக்கிச் சொல்” என்றேன். அவர் முகம் மலர்ந்தது. தன் வித்தையைப் பற்றிப் பெரியவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டது அதுவே முதல்முறை என்று பின்பு சொன்னார். பெற்றோரே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாம் கேட்க மறுக்கும் கதைகளைப் பிள்ளைகள் வேறு யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் சொன்னதன் சாரம் இது. முன்சக்கரத்தை எழுப்ப இரண்டு வழிகள் உண்டு. முதல் கியரில் மெல்லச் செல்கையில் ஆக்சிலேட்டரைத் திடீரென்று முறுக்குவது ஒன்று. கிளட்சைச் சற்றே பிடித்து, எஞ்சின் வேகம் ஏறியதும் சட்டென்று விடுவது மற்றொன்று. பின்சக்கரம் வண்டியை வலிமையாக முன்னே உந்தும்போது பாரம் பின்னுக்குச் சாய்ந்து, முன்பக்கம் இலேசாகி எழுகிறது. எழுந்தபின் ஒரு சமநிலைப் புள்ளி உண்டு. வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்த எடை, பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு நேர்மேலே வந்து நிற்கும் நிலை அது. அதற்கு முன்பு ஆக்சிலேட்டரைத் தளர்த்தினால் வண்டி முன்புறமாகத் தரையிறங்கும். அதைத் தாண்டிவிட்டால் வண்டி பின்புறமாக மல்லாந்து ஓட்டுபவரின்மேல் விழும்.

“அப்படியானால் விழாமல் காப்பது எது?” என்று கேட்டேன்.

“வலது கால், ஐயா. பின் பிரேக்கின்மேல் கால் எப்போதும் இருக்க வேண்டும். அளவுக்குமேல் எழுந்தால் அதை மெல்ல அழுத்தவேண்டும். முன்சக்கரம் கீழே வந்துவிடும். பழகாதவர்கள் பயத்தில் கைப்பிடியை இறுகப் பற்றுவார்கள். உடல் பின்னால் சரியும்போது கையும் சேர்ந்து இழுபட்டு ஆக்சிலேட்டர் இன்னும் முறுக்கிக்கொள்ளும். அதில்தான் விழுவார்கள்.”

பிரியமானவர்களே, அந்த விளக்கத்தை நான் பல நாள் மனதில் வைத்து எண்ணிப் பார்த்தேன். தூக்குவதற்கு எஞ்சினின் வலிமை போதும். இறக்குவதற்கே கற்றுத் தேர்ந்த கால் வேண்டும். இந்த வித்தையை முறையாகப் பயில்கிறவர் முதலில் பழகுவது பிரேக்கைத்தான். ஒரு சாண் உயரத்துக்கு எழுப்பி உடனே இறக்கி, மீண்டும் எழுப்பி இறக்கி, கால் தானாக இயங்கும்வரை பழகுகிறார். இறக்கத் தெரியாமல் ஏறுகிறவருக்கு உயரமே கண்ணியாகிவிடுகிறது. பயந்த நேரத்தில் அவர் எதை இறுகப் பற்றுகிறாரோ அதுவே அவரை மேலும் கவிழ்க்கிறது. பதவி, பணம், புகழ் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும் என்று நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

உலகம் போற்றிய ஒரு சாதனையும் உண்டு. 1991-ஆம் ஆண்டு ஜப்பானைச் சேர்ந்த யசுயுகி குடோ என்பவர் ஹோண்டா வண்டி ஒன்றில் முன்சக்கரம் தரையைத் தொடாமல் 331 கிலோமீட்டர் ஓட்டினார். சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை தூரத்தையும் அவர் கடந்தது வாகனங்களைச் சோதிப்பதற்கென்றே அமைந்த மூடிய தடத்தில். குறுக்கே ஆட்டோ வரவில்லை. பள்ளிப் பிள்ளை வரவில்லை. பால் வண்டி வரவில்லை.

மோட்டார் பந்தயங்களில் வேகத்தால் வாழ்கிறவர்கள் இந்த வித்தையை எவ்வாறு கருதுகிறார்கள் தெரியுமா? பந்தயத்தின் நடுவே முன்சக்கரம் எழுந்தால் அது அவர்களுக்கு நட்டம். எஞ்சினின் வலிமை வண்டியை முன்னே செலுத்துவதை விட்டு மேலே தூக்குவதில் வீணாகிறது. ஆகவே உயர்ரக வண்டிகளில் முன்சக்கரம் எழாமல் தடுக்கும் மின்னணு அமைப்பையே பொருத்துகிறார்கள். உண்மையாகவே விரைந்து செல்ல விரும்புகிறவருக்கு இரண்டு சக்கரங்களும் தரையில் இருக்கவேண்டும்.

சரி, அந்த வாலிபர் எங்கே பயின்றார்? “லூப் சாலைப் பக்கம், ஐயா. விடியற்காலை நான்கு மணிக்கு. அப்போது சாலையில் யாரும் இருக்கமாட்டார்கள்” என்றார்.

அவருடைய தாயார் மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர். காசிமேட்டில் மீன் எடுப்பதற்காக இருள் பிரியுமுன் வீட்டைவிட்டுப் புறப்படுகிறவர். “தம்பி, உன் அம்மா எத்தனை மணிக்குச் சாலையைக் கடந்துபோய் ஆட்டோவுக்காக நிற்கிறார்கள்?” என்று மட்டும் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு மணிக்கு வலையைத் தோளில் சுமந்து கடலுக்குப் போகிறவர்கள் அந்தச் சாலையில்தான் நடக்கிறார்கள். தூய்மைப் பணியாளர்கள் துடைப்பத்தோடு நிற்பதும் அங்கேதான். முதல் பூசைக்குப் புறப்பட்ட பாட்டியும் வருகிறார். செய்தித்தாள் கட்டுகளோடு சைக்கிளும் வருகிறது. ஆளில்லாத சாலை என்று ஒன்று நம் ஊரில் இல்லை. நம் கண்ணில் படாத ஆட்களே இருக்கிறார்கள். எளியவர்கள் எந்த நேரத்தில் உழைக்கப் புறப்படுகிறார்களோ, அந்த நேரத்தை நாம் யாருமில்லாத நேரம் என்கிறோம்.

முன்சக்கரம் எழும்போது எதையெல்லாம் இழக்கிறோம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். வண்டியை வழக்கம்போல் திருப்புவது முன்சக்கரம். விரைந்து நிற்கவேண்டிய வேளையில் பெரும்பகுதி வேலையைச் செய்வது முன் பிரேக். அது தரையைத் தொடாதபோது இவ்விரண்டும் பயனற்றுப் போகின்றன. எழுந்து நிற்கும் வண்டியே எதிரிலுள்ள சாலையின் ஒரு பகுதியை மறைக்கவும் செய்கிறது. அந்தச் சில விநாடிகளில் குறுக்கே ஒருவர் வந்தால் விலகவும் முடியாது, உடனே நிற்கவும் முடியாது. நான் அவருக்குச் சொன்ன பதில் இதுவே: “வித்தை பாவமல்ல, தம்பி. உன் எலும்பை நீ பணயம் வைத்தால் அது உனக்கும் உன்னைப் பெற்றவளுக்கும் இடையிலான வழக்கு. சாலையைக் கடக்கும் அந்நியரிடம் நீ சம்மதம் கேட்டாயா? கேட்காமல் அவருடைய எலும்பையும் சேர்த்துப் பணயம் வைக்கிறாய். பிறனை உன்னைப்போல் எண்ணாத அந்த இடத்தில்தான் பாவம் தொடங்குகிறது.”

அவர் விடவில்லை. “யாரும் பார்க்காத மைதானத்தில் செய்தால் அதில் என்ன இருக்கிறது, ஐயா?” என்றார். நேர்மையான வாலிபர்! காரியத்தின் வேரை அவரே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார்.

நம் ஆண்டவர் சோதிக்கப்பட்ட நாட்களை நினைவுகூருங்கள். தேவாலயத்தின் உச்சியில் அவரை நிறுத்தி, கீழே குதிக்கும்படி சோதனைக்காரன் தூண்டினான். குதித்தாலும் தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று வேத வார்த்தையையே துணைக்கு அழைத்தான். ஆண்டவர் குதித்து எதையும் நிரூபிக்கவில்லை. அதன்பின் அவர் கலிலேயாவின் புழுதிச் சாலைகளில் கால்நடையாகச் சென்றார். நோயாளிகளின் அருகே போய் நின்றார். பார்க்கப்படவேண்டும் என்ற தாகம் மனிதனுக்கு இயல்பானது. அதை நான் இகழமாட்டேன். மதிப்பெண்ணிலும் சம்பளத்திலும் பெயர் பெறாத பிள்ளை ஒருவன் பின்சக்கரத்தின்மேல் நிற்கும் பத்து விநாடிகளுக்காவது ஊர் தன்னைப் பார்க்கட்டும் என்று ஏங்குகிறான். அந்த ஏக்கத்தைத் தீர்க்க வீட்டார் என்ன செய்தோம் என்பது நம்மைப் பார்த்துக் கேட்கவேண்டிய கேள்வி.

இதற்கு நம் நகரத்திலேயே ஒரு மறுமொழி கிடைத்தது. 2022 செப்டம்பரில் தேனாம்பேட்டை அருகே அண்ணா சாலையில் ஓர் இளைஞர் மோட்டார் சைக்கிள் சாகசம் செய்தார்; அந்தக் காணொலி பரவியது; வழக்குப் பதிவானது. அவருக்கு ஜாமீன் வழங்கிய சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஏ.டி.ஜெகதீஷ் சந்திரா விதித்த நிபந்தனைகள் என்னைச் சிந்திக்கவைத்தன. இத்தகைய சாகசங்களில் ஈடுபடவேண்டாம் என்று எச்சரிக்கும் காணொலியை அவர் தம் சமூக வலைத்தளப் பக்கத்தில் வெளியிடவேண்டும். மூன்று வாரங்களுக்குத் திங்கள்கிழமைகளில் காலையும் மாலையும் தேனாம்பேட்டை சிக்னலில் நின்று சாலைப் பாதுகாப்புத் துண்டறிக்கைகளை விநியோகிக்கவேண்டும். செவ்வாய் முதல் சனி வரை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் விபத்துக் காயப் பிரிவில் வார்டு ஊழியர்களுக்கு உதவியாகப் பணிசெய்யவேண்டும்.

சிறைக்கு அனுப்பியிருந்தால் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். நீதிபதி அவரை மனிதர்களைப் பார்க்க அனுப்பினார். எந்தப் பகுதியில் எல்லாரும் தன்னைப் பார்க்கவேண்டும் என்று வண்டியைத் தூக்கினாரோ, அங்கேயே இரு கால்களையும் தரையில் ஊன்றி நிற்கவைத்தார். கைதட்டல் இல்லாத வார்டில், ஸ்ட்ரெச்சரைத் தள்ளும் கைகளோடு அவர் கையையும் சேர்த்துவைத்தார். தண்டனையும் இரக்கமும் ஒன்றாய் வந்த தீர்வு அது என்றே நான் எண்ணுகிறேன்.

ஊழியத்தின் நிமித்தம் இத்தகைய வார்டுகளின் வராந்தாவில் நானும் நின்றிருக்கிறேன். அங்கே இரவு மிக நீளமானது. வெள்ளைத் துணியில் சுற்றிய செல்பேசியையும் ஒற்றைக் காலணியையும் மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் உட்கார்ந்திருப்பார். மருத்துவர் வெளியே வரும்போதெல்லாம் எழுந்து நிற்பார். அவர் வேறொருவருடைய பெயரைச் சொன்னதும் உட்காருவார். ஜெபிக்க வந்த நாங்கள் பல வேளைகளில் அவர் அருகே மௌனமாக அமர்ந்திருப்போம். மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 44 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற அளவோடு நம் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. இவர்களெல்லாரும் சாகசம் செய்தவர்கள் அல்லர். ஏற்கெனவே இத்தனை ஆபத்து நிறைந்த சாலையில் மேலும் ஓர் ஆபத்தை விளையாட்டாகச் சேர்க்கலாமா என்பதே கேள்வி.

இளம் ரசிகர்கள் பலரைக் கொண்ட யூடியூபர் டிடிஎஃப் வாசனுடைய நிகழ்வு உங்களுக்கு நினைவிருக்கும். 2023 செப்டம்பரில் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில், காஞ்சிபுரம் மாவட்டத்தில், முன்சக்கரத்தைத் தூக்கியபோது கீழே விழுந்து காயமுற்றார். கைதானார். அவருடைய ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு ரத்தானது. அவரை நான் நியாயந்தீர்க்க வரவில்லை. அவர் விழுந்த காணொலியை எத்தனை பேர் மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். எழுந்தபோது பார்த்த கண்களே விழுந்தபோதும் பார்த்தன. நாம் அழுத்தும் ஒவ்வொரு விருப்பக் குறியும் அடுத்த பிள்ளையின் ஆக்சிலேட்டரில் ஒரு விரல்.

“பயிற்சித் தடத்தில் செய்தால் ஆபத்தே இல்லையா?” என்று நீங்கள் கேட்கலாம். அப்படியும் சொல்லமாட்டேன். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் அங்கே நடந்த தேசியப் பந்தயத்தின்போது 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து உயிரிழந்தான். தலைக்கவசம், பாதுகாப்பு உடை, மருத்துவ உதவி ஆகியவை இருக்கும் இடத்திலேயே மரணம் வரக்கூடுமானால், அவற்றில் எதுவுமில்லாத லூப் சாலையைப் பற்றி என்ன சொல்வது? தடத்துக்கு ஒரு நேர்மை மட்டும் உண்டு: அங்கே இறங்குகிற ஒவ்வொருவரும் ஆபத்தை அறிந்து, ஒப்புக்கொண்டு, அதற்குரிய கவசம் தரித்து இறங்குகிறார்கள்.

பெற்றோரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. தேர்வில் தேறினால் பைக் என்று வாக்குக் கொடுத்திருப்பீர்கள். 16 வயதில் சட்டம் அனுமதிப்பது 50 சிசிக்கு மிகாத இருசக்கர வண்டிக்கான உரிமத்தை மட்டுமே. அதற்கு மேற்பட்டதற்கு 18 ஆகவேண்டும். 2019-இல் சேர்க்கப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, சிறார் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ பொறுப்பாளியாகக் கருதப்படுவார்கள். மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை உரிமம் கிடைக்காது. சட்டத்துக்கு அஞ்சுவது நல்லது. அதற்கும் மேலாக, வண்டிச் சாவியைக் கையில் கொடுக்கும் நாளில் பிள்ளையின் கண்ணைப் பார்த்து, “நீ எதையும் தூக்கிக் காட்டாமலே எங்களுக்கு உயர்ந்தவன்” என்று சொல்லுங்கள். பல வீடுகளில் இந்த வாக்கியம் ஒருமுறைகூடச் சொல்லப்படவில்லை.

வாலிபரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டியின்மேல் உங்களுக்குள்ள ஆசையை அணைத்துவிடச் சொல்லமாட்டேன். உடல், எந்திரம், சமநிலை ஆகியவற்றை ஒன்றாய் இணைக்கும் திறமை தேவன் தந்த ஈவு. அதை ஆசானிடம் கொண்டுபோங்கள். மூடிய தடத்தில், முழு முகத்தை மறைக்கும் தலைக்கவசத்தோடு, குறை சொல்லித் திருத்துகிறவருக்கு முன்பாகப் பயிலுங்கள். ஆசான் கிடைக்கும்வரை காத்திருங்கள். காத்திருப்பதும் பிரேக்கின்மேல் கால் வைத்திருப்பதைப் போன்றதே. பழகிய பிரேக்கைப் பயன்படுத்த உங்களுக்கு நாள்தோறும் நூறு வாய்ப்புகள் உண்டு: பள்ளி விடும் நேரத்தில் சாந்தோம் நெடுஞ்சாலையில் ஒரு சிறுமி தயங்கி நிற்கும்போது வண்டியை நிறுத்தி, கையசைத்து, அவளைக் கடக்கவிடுங்கள். யாரும் அதைப் படம்பிடிக்கமாட்டார்கள். அந்தச் சிறுமி பத்திரமாக வீடு சேர்வாள்.

இந்த வாரம் நாம் ஒவ்வொருவரும் ஒரு காரியத்தைச் செய்வோமாக. வாகனத்தை எடுக்குமுன் அரை நிமிடம் அமைதியாக நின்று, இன்று என் எதிரே வரப்போகிற முகமறியாத ஒருவருக்காக ஜெபிப்போம். ஜெபித்தபின் அவர்மேல் வேகமாக வண்டியை ஓட்டிச் செல்ல நமக்கு மனம் வராது. இரவில் வீடு திரும்பும் பிள்ளைகளை வாசலில் காத்திருக்கும் ஒவ்வொரு தாயும், வண்டியின் ஸ்டாண்டு தரையில் படும் அந்தச் சிறிய ஓசையைக் கேட்டு நிம்மதியாய் உறங்கும்படி, தேவன் தம் கரத்தால் அவர்களைக் காப்பாராக. ஆமென்.